சாந்த்ராகாச்சியில் பந்தாட்டப் பருவம்

ஹூக்ளி நதியின் மேல்கரையில், ஹௌரா நகரத்தின் ஓரத்தில் அமைந்தது சாந்த்ராகாச்சி. கொல்கத்தாவுக்கு வந்து போகும் தமிழன்பர்கள் பலர் இவ்வூரின் பெயரை ரயில் நிலையப் பலகையிலே கண்டிருப்பர். சென்னைக்குச் செல்லும் வண்டிகளில் சில இங்கிருந்தே புறப்படுவதால், பெட்டி படுக்கைகளை எண்ணிச் சரிபார்க்கும் இடமாகவே இதனை நினைவிற் கொண்டிருப்பர். அந்தப் பெட்டியைப் பிரித்து இங்கேயே குடியமர்ந்துவிட்ட நம் போன்ற ரயில்வேக் குடும்பத்தாருக்கோ இது வேறு விதமான ஊர். இதன் பெருமைகளைப் பிற ஊர்களில் வாழும் நம் சங்கத்துக் குடும்பங்களும் அறிந்திருத்தல் நன்று.

முதற் பெருமை, நிலையத்துக்கு அருகில் உள்ள ஏரி. மாரிக்காலம் கழிந்து குளிர் தொடங்கியதும் சீழ்க்கைச் சிறகிகள் கூட்டங் கூட்டமாக வந்து இறங்கும். வேடந்தாங்கலைக் கண்ட கண்களும் இங்கே சற்று நின்று பார்க்கும். இரண்டாம் பெருமை சேனைக்கிழங்கு. வங்காளியில் அதற்கு 'ஓல்' என்று பெயர். சாந்த்ராகாச்சி ஓல் என்றால் வங்காளம் முழுவதும் நாவில் நீர் ஊறும். பக்குவம் தவறினால் தொண்டையில் நமைச்சலும் ஊறும். காட்டுச் சேனையின் கொட்டத்தை அடக்கப் புலி போன்ற புளி வேண்டும் என்று வங்காளிகளிடையே ஒரு பழமொழி உண்டு. புலி, புளி என்று இதைச் சொல்லும்போது நா புரளுகின்ற இன்பம் தமிழருக்கே உரியது. வங்காளிகளுக்கு அந்தப் பேறு இல்லை.

மூன்றாம் பெருமையே இக்கட்டுரையின் பொருள். ஆடி, ஆவணி மாதங்களில் இவ்வூரைப் பிடித்து ஆட்டும் கால்பந்து மோகந்தான் அது. அதன் இயல்பை விளக்க, 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் டுராண்டு கோப்பைப் பந்தயத்தின் தொடக்க ஆட்டங்கள் நம் வீட்டையும் வீதியையும் படுத்திய பாட்டைச் சொன்னாலே போதும்.

வங்காளத்துப் பந்தாட்டத்தை அறிய விரும்புவோர் முதலில் இரண்டு சொற்களைக் கற்க வேண்டும். மேற்கு வங்காளத்தின் பூர்வ குடிகளுக்குக் 'கோட்டி' என்று பெயர். நெல்லைச் சீமையார் சிரிக்க வேண்டாம். இங்கே அச்சொல்லுக்குச் சொம்பு என்பதே பொருள். எனினும் ஆட்டம் நடக்கும் நாளில் நெல்லைப் பொருளும் தவறாமற் பொருந்தும். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்களுக்குப் 'பாங்கால்' என்று பெயர். முன்னவரின் கட்சி 1889-இல் தோன்றிய மோகன் பகான். பின்னவரின் கட்சி 1920-இல் தோன்றிய ஈஸ்ட் பெங்கால். 1911-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள், பதினொருவரில் ஒருவர் தவிர மற்றெல்லாரும் வெறுங்காலுடன் ஆடி, கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றிய புகழ் மோகன் பகானுக்கு உண்டு. 1947-இல் நாடு பிரிந்தபோது வீடும் வயலும் இழந்து வந்த மக்கள், இழக்காமற் கொண்டு வந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய கொடி என்று ஈஸ்ட் பெங்காலைப் பற்றிக்கொண்டனர். ஆகவே இவ்விரு அணிகளும் மோதும்போது ஒரு பந்தோடு இரண்டு சரித்திரங்களும் உருளுகின்றன.

தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் ஒரு சங்கடம். நாம் சொம்பும் அல்லோம். பத்மா நதியைக் கடந்து வந்தவரும் அல்லோம். கோதாவரியையும் மகாநதியையும் கடந்து வந்தவர்கள். எந்தப் பக்கம் நிற்பது?

நிறத்தைப் பார்த்துத் தீர்மானிக்கலாம் என்றால் சிக்கல் பெருகுகிறது. ஈஸ்ட் பெங்காலின் நிறங்கள் சிவப்பும் பொன் மஞ்சளும். மஞ்சளையும் குங்குமத்தையும் வேண்டாமென்று சொல்லத் துணியும் தமிழ்ப் பெண் யார்? மோகன் பகானின் நிறங்கள் பச்சையும் அரக்கும். பச்சை உடலும் அரக்குக் கரையுமாகக் காஞ்சிபுரத்துப் பட்டு கண்முன் விரிகிறது. அதையும் வேண்டாமென்று சொல்வார் இல்லை. நம் இல்லத்தரசி இரண்டு நிறங்களையும் நெடுநேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, "இரண்டும் ஒரே தாம்பாளத்தில் வைக்க வேண்டியவை, இவர்கள் ஏன் அடித்துக்கொள்கிறார்கள்?" என்று கேட்டாள்.

உணவைப் பார்த்துத் தீர்மானிக்கலாம் என்றாலும் வழியில்லை. ஈஸ்ட் பெங்கால் வென்றால் அக்கட்சியினர் இலீஷ் மீன் வாங்குவர். மோகன் பகான் வென்றால் அக்கட்சியினர் இறால் வாங்குவர். மீன் சேராத நம் வீட்டில் யார் வென்றாலும் சேனைக்கிழங்குதான்.

இந்த நடுநிலைமை நம் பிள்ளைகளிடம் செல்லுபடியாகவில்லை. எட்டாம் வகுப்பில் படிக்கும் மகன், பள்ளித் தோழர்களின் உறவால் தீவிர மோகன் பகான். ஐந்தாம் வகுப்பில் படிக்கும் மகள், வலப்புற வீட்டுத் தாதாவின் செல்லத்தால் ஈஸ்ட் பெங்கால். அந்தத் தாதா ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர். அவருடைய பெற்றோர் பரிசாலிலிருந்து வந்தவர்கள். இடப்புற வீட்டுத் தாதாவோ பல தலைமுறையாக ஹௌராவில் வாழ்பவர். கொல்லையிற் சேனை பயிரிடுகிறவர். மோகன் பகான் தோற்ற மறுநாள் சவரம் செய்துகொள்ளாதவர். இருவருக்கும் நடுவே நம் வீடு.

டுராண்டு கோப்பையின் பெயருக்குக் காரணமான சர் மார்ட்டிமர் டுராண்டு, 1888-இல் சிம்லாவில் இப்பந்தயத்தைத் தொடங்கியவர். ஐந்தாண்டு கழித்து, 1893-இல், ஆப்கானிஸ்தானத்துக்கும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் இடையே எல்லைக்கோடு கிழித்தவரும் அவரே. அக்கோடு மலைகளை மட்டும் பிரித்தது; அவருடைய கோப்பை நம் வீட்டுக் கூடத்தையே பிரித்துவிட்டது. மகன் ஊஞ்சற் பக்கம், மகள் சன்னற் பக்கம் என்று இடம் வகுத்துக்கொண்டனர். ஊஞ்சலுக்கும் சன்னலுக்கும் இடையில் நம் தாயார் நாற்காலி போட்டு அமர்ந்தார்.

ஆதியில் பட்டாளத்தாருக்கென்றே ஏற்பட்ட இக்கோப்பையை முதன்முதலில் வென்ற இந்திய அணி முகமதன் ஸ்போர்ட்டிங், ஆண்டு 1940. தமிழருக்கும் இதில் பங்கு உண்டு. நீலகிரி வெலிங்டனில் உள்ள மதராஸ் படைப்பிரிவு மையம் 1955-இலும் 1958-இலும் இக்கோப்பையை வென்றது. பல காலம் டெல்லியில் நடந்த பந்தயம் 2019-இல் கொல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தது. 2023-இல் நடந்தது 132-ஆவது பந்தயம். 24 அணிகள் கலந்துகொண்டன. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், பஞ்சாப் அணி, வங்காளதேச ராணுவ அணி ஆகிய நான்கும் ஒரே பிரிவில் அமைந்தன. ஆகவே வழக்கமாகக் கடைசியில் வரும் தலைவலி, தொடக்கத்திலேயே வந்து சேர்ந்தது.

ஆகஸ்டு 3, வியாழக்கிழமை. முதல் ஆட்டத்தில் மோகன் பகான் வங்காளதேச ராணுவ அணியை 5-0 என்று வென்றது. ஒவ்வொரு கோலுக்கும் மகன் ஊஞ்சலிலிருந்து குதித்தான். ஐந்தாவது கோலின்போது ஊஞ்சற் சங்கிலியின் கொக்கி கழன்றது. இடப்புற வீட்டில் சங்கு ஊதினார்கள். வலப்புற வீட்டுத் தாதா தொலைக்காட்சியை அணைத்துவிட்டு வேலி ஓரமாக வந்து, "ராணுவத்தார் சண்டை போடக் கற்றவர்கள், பந்தாடக் கற்றவர்கள் அல்லர். அவர்களை வெல்வது ஒரு வெற்றியா?" என்று அமைதியாகக் கேட்டார். பெருந்தன்மை மிக்க அச்சொல் இடப்புற வீட்டுக்கும் கேட்டது. அவர்கள் பதில் பேசவில்லை, குறித்து வைத்துக்கொண்டனர்.

ஆகஸ்டு 6, ஞாயிற்றுக்கிழமை. அதே ராணுவ அணியை ஈஸ்ட் பெங்கால் எதிர்த்தது. இரண்டு ஸ்பானியர்கள் ஆளுக்கு ஒரு கோல் அடித்து 2-0 என்று முன்னிலை தந்தனர். மகள் சன்னற் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாடினாள். வலப்புறத் தாதா இலீஷ் மீன் வாங்கப் பையை எடுத்து வைத்தார். 88-ஆம் நிமிடத்தில் ராணுவத்தார் ஒரு கோல் அடித்தனர். "ஆறுதற் பரிசு" என்றார் தாதா. பின்னர் நடுவர் கூட்டிக் கொடுத்த நேரத்தில் இன்னொரு கோலும் விழுந்தது. ஆட்டம் 2-2. தாதா பையை மடித்து ஆணியில் மாட்டினார். அப்பொழுது இடப்புற வீட்டுத் தாதா வேலி ஓரமாக வந்தார். கையில் ஒரு பெரிய சேனைக்கிழங்கு. அதை வலப்புற வீட்டுக்குக் கொடுக்கும்படி நம்மிடம் நீட்டி, "நான்கே நாளில் ராணுவத்தார் பந்தாடக் கற்றுக்கொண்டார்கள் போலும்" என்றார். இரு நாடுகளுக்கும் நடுவில் உள்ள தூதரகத்தின் கடமைப்படி, கிழங்கை மட்டும் கொண்டுபோய்ச் சேர்த்தோம், செய்தியைச் சேர்க்கவில்லை. வேலி தாழ்வானது, சேர்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

மறுநாள் மோகன் பகான் பஞ்சாப் அணியை 2-0 என்று வென்றது. ஆகஸ்டு 12, சனிக்கிழமை, இரு பெரும் அணிகளும் மோதும் நாள். இடையிலிருந்த நான்கு நாள்களில் எங்கள் வீதியில் பால்காரரும் பேசவில்லை, காய்கறிக்காரரும் விலை சொல்லவில்லை. எல்லாரும் அணி அமைத்தார்கள். மோகன் பகான் ஆஸ்திரேலியாவுக்காக உலகக் கோப்பையில் ஆடிய ஜேசன் கம்மிங்ஸைக் கொண்டு வந்திருந்தது. ஈஸ்ட் பெங்கால் கடைசியாக இந்தப் போட்டியில் வென்றது 2019 ஜனவரியில். அதன் பின் தொடர்ந்து எட்டு முறை தோல்வி. "மருத்துவர்கூட எட்டு முறை ஊசி போட்டால் ஒரு முறை விடுமுறை கொடுப்பார்" என்று வலப்புறத் தாதா பெருமூச்சு விட்டார்.

எனினும் இந்தப் போட்டியில் முன்கூட்டிப் பேசுவது ஆபத்து என்பதை இவ்வூரார் அறிவர். 1997 ஜூலை 13-ஆம் நாள், ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு முன்பு, மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தா எதிரணியாரைக் கேலி செய்து பெயர் சூட்டினார். பைச்சுங் பூட்டியா 'சுங்சுங்' ஆனார். ஒமோலோ 'ஆம்லெட்' ஆனார். சோசோ 'சசா', அதாவது வெள்ளரிக்காய் ஆனார். சால்ட் லேக் மைதானத்தில் ஒரு லட்சத்து முப்பத்தோராயிரம் பேர் கூடினர். 'சுங்சுங்' மூன்று கோல் அடித்தார். ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று வென்றது. அந்த ஆம்லெட்டும் வெள்ளரிக்காயும் இன்றளவும் ஜீரணமாகவில்லை என்பது இடப்புறத் தாதாவின் முகத்தைப் பார்த்தால் தெரியும்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த நம் தாயார், "இத்தனை பேர் ஆடுகிறார்களே, நம்மூர்ப் பிள்ளை ஒருவனும் இல்லையா?" என்று கேட்டார். பழங்கதையைச் சொன்னோம். ஹைதராபாத்தில் பிறந்து, மதராஸ் படைப்பிரிவு மையத்துக்கு ஆடிப் புகழ் பெற்ற கோல்காவலர் பீட்டர் தங்கராஜ், பிற்காலத்தில் முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய மூன்று அணிகளுக்கும் ஆடினார். எக்கட்சியிற் சேர்வது என்னும் சிக்கலை அவரைப் போல் யாரும் தீர்த்ததில்லை. 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராகக் கோல் அடித்தவர் தஞ்சையைச் சேர்ந்த சைமன் சுந்தரராஜ்; ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடித்த கடைசிக் கோல் இன்று வரை அதுவே. "அது சரி, இப்போது யார்?" என்றார் தாயார். பேத்தி தன் கட்சியின் பட்டியலைப் படித்தாள். அதில் ஒரு பெயர்: நந்தகுமார் சேகர். சென்னையைச் சேர்ந்தவர், அவ்வாண்டுதான் ஈஸ்ட் பெங்காலுக்கு வந்தவர். "நந்தகுமாரனா? கிருஷ்ணன் பெயராயிற்றே!" என்று தாயார் நாற்காலியைச் சன்னற் பக்கமாக அரையடி நகர்த்தினார். மகன் விடவில்லை. "பாட்டி, மோகன் என்பதும் கிருஷ்ணன் பெயர்தான்" என்றான். தாயார் யோசித்தார். நாற்காலி கால் அடி திரும்பி வந்தது.

சனிக்கிழமை ஆட்டத்துக்கு இடப்புறத் தாதா மூன்று சீட்டுகள் வாங்கி வந்தார். அவருக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று, நமக்கு ஒன்று. வலப்புறத் தாதாவும் தனிச் சீட்டுடன் புறப்பட்டார். நால்வரும் ஒரே உள்ளூர் வண்டியில் ஏறினோம். ராமராஜாதலா, தாஸ்நகர், டிகியாபாரா என்று நிலையத்துக்கு நிலையம் கொடிகள் ஏறின. ஒரு பெட்டிக்குள் மஞ்சள் குங்குமமும் பட்டுச் சேலையும் நெருங்கிக் கலந்து, ஏதோ கல்யாண வீட்டுக்குப் போகும் வண்டி போலிருந்தது. வசவுகளை மட்டும் காதில் வாங்காதிருந்தால் அவ்வாறே நம்பியிருக்கலாம். ஹௌராவில் இறங்கி, பாலத்தைக் கடந்து பேருந்தில் சியால்தா சென்று, அங்கிருந்து மெட்ரோவில் சால்ட் லேக் மைதானம் சேர்ந்தோம். வாயிலில் இரு தாதாக்களும் ஒருவரையொருவர் "கவனமாகப் போங்கள், மாத்திரை எடுத்தீர்களா?" என்று விசாரித்துக்கொண்டு, வெவ்வேறு வாயில்களில் நுழைந்தனர். இரு கட்சியினருக்கும் தனித்தனிக் காலரி. நாம் அமர்ந்தது மோகன் பகான் காலரியில்.

முற்பாதியில் கோல் இல்லை. நம்மைச் சுற்றியிருந்தவர்களோ தம் அணியினரையே திட்டிக்கொண்டிருந்தனர். பக்தன் தெய்வத்தை உரிமையோடு நிந்திப்பது போன்றது அது. வெளியார் ஒரு சொல் சொன்னால் உயிர் போகும். ஆதலின் நாம் வாய் திறக்கவில்லை.

60-ஆம் நிமிடம். நந்தகுமார் வலப்புறத்தில் பந்தைப் பெற்றார். காவலுக்கு நின்ற அனிருத் தாப்பாவை விலக்கி உட்புறம் திரும்பினார். இடக்காலால் ஒரு வளைவு கொடுத்தார். பந்து கோல்காவலருக்கு எட்டாமல், தொலைக் கம்பத்தின் ஓரமாக உள்ளே சென்று தங்கியது. எதிர்க் காலரி தீப்பற்றியது போல எழுந்தது. நம் காலரியில், பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் மௌனவிரதம் பூண்டனர்.

அன்பர்களே, ஒரு தமிழன் இதனினும் கடினமான நிலையில் அமர்ந்திருக்க முடியாது. சென்னைப் பிள்ளை, பல்லாயிரவர் முன்னிலையில், நாலரை ஆண்டுப் பஞ்சத்தைத் தீர்க்கும் கோலை அடித்திருக்கிறார். நெஞ்சு துள்ளுகிறது. முகத்திலோ துக்கம் காட்டியாக வேண்டும். இழவு வீட்டில் சிரிப்பு வந்தவன் செய்வதைப் போல மேல் துண்டால் வாயை மூடிக்கொண்டோம். இடப்புறத் தாதா அதைக் கண்டு, நாம் அழுவதாக எண்ணி, முதுகைத் தடவிக் கொடுத்தார்.

அந்த மௌனத்தின் நடுவில் நம் சட்டைப் பையில் தொலைபேசி அடித்தது. எடுத்தோம். எடுக்கும்போதே தாயாரின் குரல் நாலு வரிசைக்குக் கேட்டது. "பார்த்தாயா? மோகனத் தோட்டத்திலே நந்தகுமாரன் புகுந்து வெண்ணெயை எடுத்துவிட்டானடா!" பகான் என்றால் வங்காளியில் தோட்டம் என்பதைப் பேத்தி சொல்லிக் கொடுத்திருக்கிறாள். தமிழ் அறியாதவருக்கும் மோகன், நந்தகுமார் என்னும் இரு பெயர்கள் விளங்கின. முன்வரிசையினர் மெல்லத் திரும்பினர். "வீட்டில் பாட்டிக்கு உடம்பு சரியில்லை" என்று மகன் தூய வங்காளியில் சொல்லி நம்மைக் காப்பாற்றினான். உடனே அனைவரும் இரங்கி, ஒருவர் தண்ணீரும் கொடுத்தார்.

ஆட்டம் 1-0 என்றே முடிந்தது. மகன் இருக்கையிலிருந்து எழவில்லை. அவன் கண்கள் கலங்கியிருந்தன. தேற்றுவதற்காக, "அடித்தவர் நம்மவர்தானே, கண்ணா" என்றோம். அவன் நிமிர்ந்து பார்த்து, "அவர் நம்மவர் என்றால், தோற்றது யாருடைய அணி?" என்று கேட்டான்.

இக்கேள்விக்கு நம்மிடம் விடை இல்லை. நாம் இருபத்திரண்டு வயதில் ரயிலேறி வந்தவர்கள். எந்தப் பட்டியலைக் கண்டாலும் அதில் தமிழ்ப் பெயர் இருக்கிறதா என்றே கண் முதலில் தேடும். மகன் ஹௌராவிற் பிறந்தவன். அவன் பட்டியலைத் தேடவில்லை. தன் அணியைத் தேடினான். அவனுடைய துக்கத்தில் நமக்கு இடமில்லை. நம் மகிழ்ச்சியில் அவனுக்கு இடமில்லை. ஒரே கோல் தகப்பனையும் பிள்ளையையும் எதிரெதிர்க் காலரிகளில் அமர்த்திவிட்டது. இதை எண்ணிக்கொண்டே திரும்பினோம். வலப்புறத் தாதா கூட்டத்தில் எங்கோ பாடிக்கொண்டிருந்தார். அவரைப் பிரித்தெடுக்க முடியவில்லை.

இரவு சாந்த்ராகாச்சி நிலையத்தில் இறங்கியபோது, தென்னாட்டு வண்டிக்காக இளைஞர் சிலர் மூட்டைகளின் மேல் அமர்ந்திருந்தனர். நாமும் மகனும் தமிழிற் பேசுவது கேட்டு அவர்களில் ஒருவர் எழுந்து வந்தார். "ஏனுங்க, மேட்ச் யாருங்க ஜெயிச்சாங்க?" என்றார். முகம் வங்காள முகம். மொழி கொங்குத் தமிழ். விசாரித்தோம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஆறு ஆண்டு வேலை. ஊரில் தங்கை திருமணம் முடித்துத் திரும்புகிறார். ஈஸ்ட் பெங்கால் வென்றது என்றோம். அவர் முகம் வாடியது. அவரும் மோகன் பகான். "யாருங்க கோல் அடிச்சது?" என்றார். சென்னை நந்தகுமார் என்றோம். வாடிய முகத்தில் பாதி மலர்ந்தது. "அட, நம்ம ஊரு ஆளுங்களா!" என்றார்.

மகன் அவரை உற்று நோக்கினான். பிறகு வங்காளியில் இருவரும் நெடுநேரம் தம் அணியின் நடுவரிசையைத் திட்டிக்கொண்டிருந்தனர். மூட்டையிலிருந்து அவர் எடுத்துக் கொடுத்த சந்தேஷை மகன் தின்றான்.

அவர்கள் செல்லவிருந்த அந்தப் பாதை எளிய பாதை அன்று. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான், 2023 ஜூன் 2-ஆம் நாள், ஷாலிமாரிலிருந்து சாந்த்ராகாச்சி வழியாகச் சென்னைக்குச் சென்ற கோரமண்டல் விரைவு வண்டி ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்துப் பஹானாகா பஜாரில் விபத்துக்குள்ளாயிற்று. 290-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வங்காளத்திலிருந்து தெற்கே பிழைக்கச் சென்ற இளைஞர் பலர் அவர்களுள் இருந்தனர். ரயில்வேக் குடும்பங்களில் அந்த இரவை மறந்தவர் இல்லை. பிழைப்புக்காக நாம் வடக்கே வந்த அதே தண்டவாளத்தில் அவர்கள் தெற்கே போகிறார்கள். கோல் அடிக்கும் பிழைப்புக்காக நந்தகுமார் கிழக்கே வந்தார். போகிறவர் ஒவ்வொருவரும் ஓர் ஊரை விட்டுவிட்டு வேறோர் ஊரைப் பெற்றார் என்று நாம் சொல்வது வழக்கம். அந்தத் திருப்பூர்த் தம்பியைப் பார்த்தால், அவர் எதையும் விட்டதாகத் தெரியவில்லை. தோல்வியும் அவருடையது, கோலும் அவருடையது.

வீடு திரும்பியதும், "உங்கள் நந்தகுமாரன் நன்றாகத்தான் ஆடினான்" என்று மகன் பாட்டியிடம் சொன்னான். 'உங்கள்' என்னும் சொல்லை அழுத்தியே சொன்னான். ஆனாலும் சொன்னான்.

கதையின் முடிவையும் சொல்லிவிடுகிறோம். ஈஸ்ட் பெங்கால் பஞ்சாபை 1-0 என்று வென்று மேலே சென்றது. அரையிறுதியில் தோல்வியின் விளிம்பிலிருந்த அவ்வணியை, கூட்டிக் கொடுத்த நேரத்தில் தலையால் முட்டிக் கரை சேர்த்தவரும் நந்தகுமாரே. செப்டம்பர் 3-ஆம் நாள் இறுதி ஆட்டத்தில் அதே இரு அணிகளும் மீண்டும் சந்தித்தன. ஒருவர் வெளியேற்றப்பட்டுப் பத்துப் பேராக நின்றபோதும், 71-ஆம் நிமிடத்தில் டிமிட்ரி பெட்ராடோஸ் அடித்த கோலால் மோகன் பகான் வென்று, பதினேழாம் முறையாகக் கோப்பையை எடுத்தது. "போன வெண்ணெயைத் தோட்டக்காரன் மீட்டுக்கொண்டான்" என்றார் தாயார். இடப்புற வீட்டில் இறால். வலப்புற வீட்டில் உபவாசம். நம் இல்லத்தரசி சேனைக்கிழங்கைப் புளி விட்டுக் குழம்பாக்கி இரு வீட்டுக்கும் அனுப்பினாள். பாத்திரங்கள் இரண்டும் காலியாகவே திரும்பின.

அடுத்த ஆண்டு, 2024 ஆகஸ்டு 18-ஆம் நாள் நடக்கவிருந்த இதே போட்டி நடைபெறவில்லை. ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் ஓர் இளம் மருத்துவர் கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டதை எதிர்த்து நகரமே கொதித்திருந்த நேரம். பாதுகாப்பைக் காரணம் காட்டி ஆட்டத்தை நிறுத்திவிட்டனர். அன்று மைதானத்துக்கு வெளியே இரு கட்சியினரும் தத்தம் கொடிகளோடு வந்து, ஒரே கூட்டமாக நின்று நீதி கேட்டனர். மஞ்சள் குங்குமமும் பச்சைப் பட்டும் ஒரே தாம்பாளத்தில் வைக்க வேண்டியவை என்று நம் இல்லத்தரசி சொன்னது அன்று நினைவுக்கு வந்தது.

இவ்வூருக்கு வரும் சங்க அன்பர்களுக்கு ஒரு குறிப்பு. 2025 ஆகஸ்டு முதல் ஹௌரா மைதானத்திலிருந்து நதியின் அடியில் செல்லும் மெட்ரோ இடைமாற்றம் இன்றிச் சால்ட் லேக் மைதானம் வரை செல்கிறது. பறவைகளைக் காணக் குளிர்காலத்திலும், மனிதர்களைக் காணப் பந்தாட்டப் பருவத்திலும் வருக. வந்தால், உங்கள் பிள்ளைகள் எந்தக் கட்சி என்று எங்கள் வீதியில் முதலில் கேட்பார்கள். "நாங்கள் வெளியூர்" என்னும் விடையை இங்கே யாரும் ஏற்பதில்லை. பிள்ளைகளையே சொல்ல விடுங்கள், அவர்களுக்குத் தெரியும்.